எந்தச் சங்கரன்கோவிலின் கணக்கு?

சங்கரன்கோவில் நகராட்சியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் 54 ஆயிரத்துச் சொச்சம் என்பார்கள். தென்காசி மாவட்டத்துக்குக் கேட்டால் 14 லட்சம். இரண்டும் 2011 மார்ச் 1ஆம் தேதிக்கு உரிய எண்கள். அன்றைக்குத் தென்காசி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது தொடங்கி வைக்கப்பட்டது 2019 நவம்பர் 22இல். பின்னால் போட்ட எல்லைக்குள் விழுந்த பழைய கிராமங்களை எல்லாம் கூட்டி, அந்த 14 லட்சத்தைத் தேற்றியிருக்கிறார்கள்.

கூட்டியதில் குற்றமில்லை. வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர்த் தொட்டி, சாலை, சுகாதார நிலையம், வார்டு எல்லை எல்லாம் முடிவாகின்றன. 1881 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்த 1941இல்கூட அட்டவணைகளைச் சுருக்கினார்களே தவிர எண்ணாமல் விடவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அன்று நள்ளிரவு நிலவரம் எப்படிப் பதிவாகிறதோ, அதுதான் இன்னும் 10 ஆண்டுக்கு இந்த ஊரின் அதிகாரபூர்வ உருவம். அது பிசகாகப் பதிய இங்கே வழக்கத்தைவிட அதிகமான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் எல்லை.

வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளில் சங்கரநயினார்கோவில் தாலுகா என்றால் அது பெரிய நிலப்பரப்பு. மேற்கே மலையடிவாரத்துச் சிவகிரியும் வாசுதேவநல்லூரும், கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசலும் அதற்குள் அடக்கம். மேற்கில் செம்மண், மலைத் தண்ணீர், நெல், எலுமிச்சை. கிழக்கே போகப் போக மண் கறுத்து, மழையை மட்டும் நம்பிய பருத்தியும் உளுந்தும் மிளகாயும் மக்காச்சோளமும். இடையில் கரிவலம்வந்தநல்லூர் வழியாகப் போகும் நிட்சேப நதி வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். எல்லாம் வைப்பாற்றுப் படுகை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி என்பதால் தென்மேற்குப் பருவம் குற்றாலத்தை நனைக்கும்போது இங்கே காற்று மட்டும் வரும். அந்தக் காற்றைத்தான் இப்போது காற்றாலைகள் அறுவடை செய்கின்றன. குளம் நிறைய வடகிழக்குப் பருவம்தான் வரவேண்டும்.

இப்படி இரண்டு மண்ணையும் சேர்த்து வைத்திருந்த பழைய தாலுகா இன்று மூன்றாகிவிட்டது. சிவகிரி தனி வட்டமானது. 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு திருவேங்கடமும் பிரிந்தது. மிச்சம் இருப்பதுதான் இன்றைய சங்கரன்கோவில் வட்டம். பெயர் அதே பெயர். நிலம் அதே நிலம் இல்லை.

இதன் விளைவை இப்போதே சொல்லிவிடலாம். 2027 கணக்கு வெளியானதும், 2011இன் சங்கரன்கோவில் வட்டத்தையும் 2027இன் சங்கரன்கோவில் வட்டத்தையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மக்கள் தொகை சரிந்துவிட்டது என்று எழுதுவார்கள். கரிசல் வறண்டு ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்று காரணமும் கண்டுபிடிப்பார்கள். அதில் பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எண் குறைவதற்கு முதல் காரணம் திருவேங்கடம் வட்டம் தனியே போனதாகத்தான் இருக்கும். எவ்வளவு பேர் ஊரை விட்டுப் போனார்கள், எவ்வளவு பேர் வட்டத்தை விட்டு மட்டும் போனார்கள் என்று பிரித்துப் பார்க்கக் கிராமம் கிராமமாகக் கூட்ட வேண்டும். அந்தப் பொறுமை தலைப்புச் செய்திக்கு இருப்பதில்லை.

மாவட்ட மட்டத்திலும் இதே கதை. கம்பெனி 1801இல் கர்நாடக நவாபின் நாட்டை எடுத்துக்கொண்ட பிறகு உருவான திருநெல்வேலி ஜில்லா, வட பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ச் சீமையை 1910இல் புதிய ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கொடுத்தது. 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனியாகப் போனது. 2019இல் தென்காசி. கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றையும், பேட் 1917இல் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியையும் படிக்கிறவர்கள் 'திருநெல்வேலி' என்ற பெயரைக் கண்டதும் எந்த ஆண்டுத் திருநெல்வேலி என்று ஒருமுறை நிதானித்துக்கொள்வது நல்லது.

எல்லை இங்கே எப்போதும் கொஞ்சம் தகராறானதுதான். பாளையங்களின் காலத்தில் ஒரு கோட்டை யாருடையதோ, சுற்றியுள்ள ஊர் அவருடையது. நெற்கட்டும்சேவல் பூலித்தேவன் 1755இல் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்றதும், 1767இல் கர்னல் கேம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்ததும் இந்தப் பழைய தாலுகாவுக்குள் நடந்தவை. கப்பம் யாருக்கு, எந்த ஊரிலிருந்து என்பதுதான் அந்தச் சண்டையின் அடிவேர். பிறகு ஜமீன் சனதுகள் வந்தன. ஒரு ஜமீனின் கிராமங்கள் இன்னொரு ஜமீனுக்கு நடுவில் சிதறிக் கிடந்தன. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்துதான் எல்லாம் ஒரே வருவாய்க் கணக்குக்குள் வந்தது.

வந்தும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. இளையரசனேந்தல் குறுவட்டத்தின் 12 ஊராட்சிகள் ஆண்டுக்கணக்கில் இரண்டு மாவட்டத்தில் வாழ்ந்தன. பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழுக்குத் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டாட்சியர். தெருவிளக்கு, குடிநீர், ஊராட்சித் தேர்தலுக்குத் தென்காசி மாவட்டத்துக் குருவிகுளம் ஒன்றியம். எங்களை ஒரே பக்கம் வையுங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்தார்கள். கிராமப்புறத்தில் கணக்கெடுப்பின் அடிப்படை அலகு வருவாய்க் கிராமம். ஆகவே எண்ணும்போது அவர்கள் ஒரு மாவட்டத்தின் தலைகள். செலவு செய்யும்போது இன்னொரு மாவட்டத்தின் வயிறுகள். கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளில் செய்யவேண்டிய மாற்றங்களை 2025 டிசம்பர் 31க்குள் முடித்துவிட வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கெடு விதித்தார்கள். அன்று எந்த எல்லை எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிட்டது. தனி மாவட்டம் கேட்ட சங்கரன்கோவிலும் அந்தக் கெடுவுக்கு அடக்கம்தான்.

எண் என்ன செய்யும், எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பழைய சாட்சி உண்டு. சென்னை மாகாணத்தின் முதல் முறையான கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. திருநெல்வேலி ஜில்லாவில் அன்று சுமார் 16.9 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது 17 லட்சம்கூட முழுதாக வரவில்லை. பத்து வருஷத்துப் பிறப்புகள் எங்கே போயின? நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மாகாணம் முழுக்க எடுத்தால் ஜனத்தொகை குறைந்தே போயிருந்தது. பஞ்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கிராம அதிகாரிகள் எழுதிய கணக்கை நம்ப முடியாத நிலையில், இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவே விழுந்த அந்த ஓட்டைதான் நடந்ததன் அளவைக் காட்டியது. 1901இல் ஜில்லா 20 லட்சத்தைத் தாண்டியது.

2011க்கும் 2027க்கும் நடுவிலும் ஒரு பெருந்தொற்று இருக்கிறது. அதற்கு முன் 2016–17இன் கடும் வறட்சியும் இருக்கிறது. 16 வருஷ இடைவெளியில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினமாகத்தான் இருக்கும்.

இனி நகரத்துக்கு வருவோம். சங்கரன்கோவில் நகராட்சியின் மக்கள் தொகை 2001இல் 53 ஆயிரத்துச் சொச்சம். 2011இல் 54 ஆயிரத்துச் சொச்சம். அந்தப் பத்தாண்டில் அன்றைய திருநெல்வேலி மாவட்டம் சுமார் 13 சதவீதம் வளர்ந்தது, தமிழ்நாடு 15.6 சதவீதம். ஊர் மட்டும் நின்றுவிட்டதா? ராஜபாளையம் சாலையிலோ கழுகுமலை சாலையிலோ புளியங்குடி சாலையிலோ ஒரு நடை போய் வந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். வீடுகள் கட்டப்பட்டன, பிளாட்டுகள் விற்கப்பட்டன. ஆனால் நகராட்சி எல்லைக்கு வெளியே. களப்பாகுளம் போன்ற ஊராட்சிகள் நகரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. அங்கே குடியிருப்பவர் கடைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பூ மார்க்கெட்டுக்கும் பேருந்து நிலையத்துக்கும் நகரத்துக்குத்தான் வருகிறார். குப்பையை நகரத்தில் போடுகிறார். கணக்கில் அவர் கிராமவாசி.

அவருக்கும் அதில் ஒரு சௌகரியம் உண்டு. வரி குறைவு. நூறு நாள் வேலை என்று ஜனங்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிக்குத்தான் உண்டு, நகராட்சிக்கு இல்லை. நகரோடு சேர்க்கிறேன் என்றால் முதலில் எதிர்ப்பது அந்த ஊர்ப் பெண்கள்தான். அவர்கள் எதிர்ப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நகரத்தின் சாக்கடையும் சாலையும் அந்த 54 ஆயிரத்தை வைத்தே அளக்கப்படுகின்றன. பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கான தேசிய நெறி. கிராமத்துக்கு ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் சொல்வது 55. எண்ணப்படாமல் விடுபடும் ஒவ்வோர் ஆயிரம் பேருக்கும் நகர நெறிப்படி தினம் 1.35 லட்சம் லிட்டர் குறையும். தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் ஏற்றிக்கொண்டு வரவேண்டிய ஊருக்கு இது சின்னக் குறை இல்லை.

ஆடித்தபசு வேறு இருக்கிறது. கோமதி அம்மன் தவமிருந்து சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் நாளில் இந்த ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம் நிற்கும். அந்த ஜனம் எந்தக் கணக்கெடுப்பிலும் வராது, வரவும் கூடாது. ஆனால் கழிப்பறையும் தண்ணீரும் அவர்களுக்கும் வேண்டும் என்பதை நகராட்சி தன் 54 ஆயிரத்துக்கான பணத்திலிருந்துதான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

மற்ற இடங்களில் பழைய எண் இன்னும் வெளிப்படையாகவே ஆள்கிறது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்குச் சாலை வேண்டுமானால் 2011 கணக்கில் 500 பேர் இருந்திருக்க வேண்டும். 2012க்குப் பிறகு முளைத்த குடியிருப்பு இருந்தும் இல்லாததுதான். சமவெளியில் 30 ஆயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5 ஆயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் மத்திய அரசு அரிசி தருவது சுமார் 3.64 கோடிப் பேருக்கு. அந்தத் தொகையும் 2011 கணக்கிலிருந்து பிறந்தது. இங்கே எல்லாருக்கும் ரேஷன் என்பதால் மிச்சத்தை மாநில அரசு தன் செலவில் ஈடு கட்டுகிறது. அதனால்தான் ரேஷன் கடை வாசலில் நிற்கிறவருக்குக் கணக்கெடுப்பு தவறிப்போனது உறைக்கவே இல்லை.

ஆற்று இணைப்புப் பேச்சிலும் பழைய வரைபடம்தான். பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் தண்ணீரை வைப்பாற்றுப் படுகைக்குத் திருப்பி 91,400 ஹெக்டேரைப் பாசனம் செய்யலாம் என்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1990களிலேயே எழுதி வைத்தது. கேரளம் ஒத்துக்கொள்ளவில்லை, இனி ஒத்துக்கொள்ளும் என்று நம்ப எனக்குக் காரணமும் தெரியவில்லை. அந்த அறிக்கை பேசுவது தென்காசி பிறக்காத காலத்துத் திருநெல்வேலியைப் பற்றி. அன்றைய சாகுபடியும் இன்றைய சாகுபடியும் ஒன்றில்லை, அன்றைய குடும்பமும் இன்றைய குடும்பமும் ஒன்றில்லை. எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்கள் எந்த ஆண்டின் தேவையைக் கேட்கிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளின் எண்ணுக்கு வேறு நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே உள்ள ஆட்சிப் பிரிவு கவுண்டி. அளவில் சில நம் வட்டம் மாதிரி, சில நம் மாவட்டத்தையும் விழுங்கும். அப்படி மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகள். டெக்சஸில் லவ்விங் கவுண்டி என்று ஒன்று. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 64. நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஒரு பந்தி. ஆனால் அந்த 64 பேருக்கும்கூட, 10 வருஷத்துக்கு ஒருமுறை எண்ணுவது போக, பிறப்பு, இறப்பு, குடிபெயர்ச்சிக் கணக்குகளை வைத்து ஆண்டுதோறும் மதிப்பீடு வெளியாகிறது. இங்கே தேசிய அளவில் அமைத்த நிபுணர் குழு 2036 வரைக்குமான கணிப்பை மாநில அளவில் தந்ததோடு சரி. சங்கரன்கோவில் வட்டத்துக்கு 2018இல் எத்தனை பேர், 2023இல் எத்தனை பேர் என்று சொல்லும் அதிகாரபூர்வத் தாள் எதுவும் இல்லை.

அவர்கள் எண்ணுவதும் பிழையற்றது அல்ல. 2020இல் ஃபுளோரிடாவில் 3.48 சதவீதம், டெக்சஸில் 1.92 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று அவர்களே பின்னாய்வு செய்து அறிவித்தார்கள். எல்லையிலோ வீட்டு எண்ணிக்கையிலோ பிசகு இருந்தால் உள்ளூர் ஆட்சி முறையிடவும் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலம் தன் 8 கவுண்டிகளுக்குப் பதில் 9 திட்டமிடல் வட்டாரங்களைக் கொண்டுவந்தபோது, அந்த மாற்றத்தைக் கணக்கெடுப்புத் துறை 2022இல் முறையாக அறிவித்து ஏற்றுக்கொண்டது. பழைய எல்லையின் எண்ணைப் புதிய எல்லையின் எண்ணோடு கண்ணை மூடி ஒப்பிடக்கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஆயிற்று.

இந்தியாவிலும் 2011க்குப் பின் அப்படி ஒரு பின்னாய்வு நடந்தது. நாடு முழுமைக்கும் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டிருந்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரே விகிதம் பொருந்தாது என்றாலும், ஓர் அளவு தெரிவதற்காகப் போட்டுப் பார்க்கலாம்: 54 ஆயிரத்தில் ஆயிரத்துக்கு 23 என்றால் 1,200க்கு மேல். நகராட்சியின் 30 வார்டுகளில் ஒரு வார்டுக்குச் சராசரி 1,800 பேர். கிட்டத்தட்ட முக்கால் வார்டு காணாமல் போவதற்கு ஒரு வருஷத்துக் கவனக்குறைவு போதும்.

யார் விடுபடுவார்கள்? 2011இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,023 பெண்கள்; மாநிலச் சராசரி 996. பெண்கள் நீண்ட நாள் வாழ்வது ஒரு காரணம். ஆண்கள் ஊரில் இல்லாதது இன்னொரு காரணம். திருப்பூர், கோவை, சென்னை, கேரளம், வளைகுடா என்று போனவர்கள். விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும், விளக்கம் வேண்டாம். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ஒருவரை எண்ண வேண்டும். கணக்கெடுக்கும் நாட்கள் முழுக்க ஊரில் தலைகாட்டாதவரை ஊரில் எழுதக்கூடாது. 2011இல் அந்த நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. ஊரில் அம்மா, "பையன் திருப்பூர்ல இருக்கான், ஆனா ரேஷன் கார்டு இங்கதான்" என்று அவன் பெயரையும் சொல்வார். திருப்பூரில் எட்டுப் பேர் தங்கியிருக்கும் அறைக் கதவு பூட்டியிருக்கும். ஒருவன் இரண்டு இடத்திலும் விழலாம். பெரும்பாலும் ஓர் இடத்திலும் விழாமலும் போகலாம். குடும்பத்தோடு போனவர்கள் வீட்டில் பூட்டு தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுதான் கணக்கு.

ஊர் ஓரத்து வீடுகளில் ஆபத்து வேறு மாதிரி. ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஏறக்குறைய 700, 800 பேர் கொண்ட ஒரு பகுதி. புதிதாக வந்த நகர்களில் தெருவின் ஒரு பக்கம் நகராட்சி, மறு பக்கம் ஊராட்சி. அவர் பள்ளிக்கூட வாத்தியார்; வெளியூர்க்காரராகவும் இருப்பார்; கையில் கொடுத்த படத்தில் அந்தத் தெருவே இருக்காது. நகராட்சிக்காரர் ஊராட்சிக்காரர் எழுதிக்கொள்வார் என்று விடுவார், அவர் இவர் எழுதிக்கொள்வார் என்று விடுவார். வீட்டு வாசலில் எண் எழுதாமல் போயிருந்தால் அன்றே கேட்டுவிட வேண்டும். வீடு இல்லாதவர்களை 2011இல் பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் படுத்திருப்பவர்களைத் தேடி அந்த ராத்திரி யாராவது போனால்தான் உண்டு.

எண்ணிய பிறகும் எப்படி எழுதுகிறார்கள் என்பது இருக்கிறது. இங்கே விசைத்தறி பெருந்தொழில். சங்கரன்கோவில், சிந்தாமணி, புளியங்குடி, சுப்புலாபுரம் என்று தறிச் சத்தம் கேட்காத ஊர் கம்மி. பாவு ஓட்டுவது ஆண். ஊடைக்குத் தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தறி ஓடும் வீட்டு நடையில் ஓர் அம்மா தார் மெஷின் முன்னால் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருப்பார். கணக்கெடுக்க வந்தவர் "என்ன வேலை பாக்கீங்கம்மா?" என்று கேட்டால், அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "சும்மாதான் சார் வீட்டுல இருக்கேன்" என்பார். தட்டில் பீடி இலை வைத்திருக்கும் பெண்ணும் அதையே சொல்வார். படிவத்தில் 'வேலை செய்யாதவர்' என்று விழும். கணக்கெடுப்பின் வரையறைப்படி அது தவறு. கூலி வாங்காமல் குடும்பத் தொழிலில் உழைப்பதும் வேலைதான். ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மைத் தொழிலாளி. வீட்டுத் தொழில் என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஊர் முழுக்க இப்படி எழுதினால், தறி நகரத்தில் பெண்கள் வேலை செய்வதில்லை என்று அட்டவணை சொல்லும். அதை வைத்து நெசவுக்கான நலத்திட்டத்தை யாராவது குறைத்தால் கோபிக்க வழியிருக்காது. தறிக்கூடமும் குடியிருப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் வீட்டை வெறும் வீடு என்று எழுதினாலும் இதே நஷ்டம்தான்.

இம்முறை சாதியும் கேட்கப்படும். 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளையும் முழுதாக எண்ணி வெளியிட்டதில்லை. 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் கேட்டார்கள். 46 லட்சத்துக்கு மேல் பெயர்கள் வந்து குவிந்ததாக ஒன்றிய அரசு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1931இல் எண்ணிக்கை 4,147. பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல, எழுதுகிறவர் அவர் காதில் விழுந்தபடி எழுத, ஒரே சாதி இருபதாகிப் போனது. தென்காசிச் சீமையில் சாதி வெறும் தகவல் அல்ல; இந்த வட்டாரத்தில் அதற்காக ஊரடங்கு போட்ட நாட்களும் உண்டு. யார் எத்தனை பேர் என்ற வதந்தி எண்கள் கணக்கெடுப்புக்கு முன்பே உலவத் தொடங்கும். அவற்றுக்கு எந்த மதிப்பும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனி மனிதர் சொன்ன பதில் ரகசியம்; நீதிமன்றத்திலும் சாட்சியாக வைக்க முடியாது. சான்றிதழில் உள்ள பெயரை அப்படியே சொல்வதும், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்வதும்தான் செய்ய வேண்டியது.

தொகுதி மறுவரையறையும் இதன் பின்னாலேதான் நிற்கிறது. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் தென்காசி மக்களவைத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. இப்போதுள்ள தொகுதி எல்லைகள் 2001 கணக்கை வைத்து 2008இல் வந்தவை. 84ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்ற பெரிய சண்டையில் எல்லாரும் சென்னையையும் டெல்லியையும் பார்ப்பார்கள். எந்தத் தொகுதி எந்த ஊரோடு சேரும், எது ஒதுக்கீட்டுத் தொகுதி ஆகும் என்பது வட்ட அளவு எண்களால் சத்தமில்லாமல் முடிவாகும்.

2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கைப்புத்தகத்தில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண்ணும், ஆண், பெண், வீடு, தொழிலாளர் விவரமும் தனித்தனி வரிசையில் இருக்கின்றன. சங்கரன்கோவில், திருவேங்கடம், சிவகிரி மூன்று வட்டத்துக்கும் உரிய வரிசைகள் திருநெல்வேலி மாவட்டக் கைப்புத்தகத்துக்குள்ளே கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, இன்றைய வட்டம், ஒன்றியம், நகராட்சி எல்லைக்குள் அடுக்கி, 2011க்கான ஒப்பீட்டு அட்டவணை ஒன்றை மாவட்ட நிர்வாகம் 2027 எண்கள் வெளிவரும் முன்பே போட்டுவிட முடியும். இளையரசனேந்தல் வரிசைகளை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று அடிக்குறிப்பும் வேண்டும். பெரிய செலவில்லை, இரண்டு எழுத்தர், ஒரு கம்ப்யூட்டர், சில வாரங்கள். நகராட்சியும் ஒன்றியங்களும் கேட்டால் நடக்கும். கேட்காவிட்டால் அந்த வேலையை எண் வெளியான மறுநாள் அவரவர் வசதிக்கு அவரவர் செய்துகொள்வார்கள்.